சர்வருக்குச் சூடம் காட்டியவன்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். கணினித் துறையில் என்னைப்போல் ஓய்வுபெற்றவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வரைத் தன் கையாலேயே அணைத்து, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரம் சாத்தி, சூடம் காட்டிக் கும்பிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் அந்தச் சர்வரை வாடிக்கையாளரிடம் ஓட்டிக் காட்டவேண்டிய நாளின் விடியற்காலையில். கும்பிட்டுவிட்டு, "இன்னிக்கு எல்லாம் நல்லபடியா நடக்கணும் தாயே" என்று வேண்டிக்கொண்டேன். சரஸ்வதி கையில் வீணை இருந்ததால் தலையில் அடித்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

பிரிவு விருந்தில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து, "சார், புதுசா வர்றவங்களுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க" என்று கேட்டீர்கள். வாயில் கேக் இருந்ததால் மறுக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நிரல் எப்படி எழுதுவது என்று இதில் ஒன்றும் இருக்காது. அதை என்னைவிட நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள். எல்லாம் கவிழும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். பெரும்பாலும் சட்டைப் பைக்குள்.

என் கடைசி வேலை கேமரன் மலையில். ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் குடும்பங்களில் பாதிப்பேர் தேயிலை வேலையோடு, தோட்டம் முடியும் சரிவுகளில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பூவும் காய்கறியும் போடுகிறார்கள். அவர்களுக்குச் சங்கம் ஒன்று உண்டு. அதன் தலைவி பரிமளம். செவ்வந்தி வளர்ப்பவர். முந்தைய ஆண்டு பெருமழையில் அவருடைய பூக்கள் மொத்தமும் அழுகிப்போயின. பயிர்க் காப்புறுதி நிறுவனத்திடம் போனால், "எங்கள் பதிவில் அன்றைக்கு மழையே இல்லை" என்றார்களாம். அவர்கள் நம்பிய மழைமானி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே அன்று வெயில்.

"அப்ப என் பூவு மழையில அழுகலையா? நான் பக்கத்துல உக்காந்து அழுது அழுகிச்சா?" என்று பரிமளம் அவர்களையே கேட்டுவிட்டு, நம்மிடம் வந்தார்.

நாம் கட்டியது பரவலாக்கப்பட்ட தரவுச் சந்தை. இந்தப் பெயரைச் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது எல்லார் முகமும் மூடுபனி போட்டதுபோல் ஆனது. உடனே மாற்றிச் சொன்னேன்: "இது சூப்பர்மார்க்கெட் இல்ல, பாசார் மாலாம், ராத்திரிச் சந்தை. சூப்பர்மார்க்கெட்டுல எல்லாச் சாமானும் ஒரே முதலாளிகிட்ட. பாசார் மாலாம்ல அவங்கவங்க கடை, அவங்கவங்க சாமான். உங்க சாமான், உங்க நெலத்துல பெய்ஞ்ச மழையோட கணக்கு."

நான் தங்கியிருந்த வீடு உட்பட, ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் ஒரு கம்பம். அதன் தலையில் மழையை அளக்கும் கிண்ணம். வீட்டுக்குள் டிபன் பெட்டி அளவில் ஒரு சர்வர். எல்லாரும் அதைப் 'பொட்டி' என்றார்கள், நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். கம்பம் அளப்பதைப் பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளும். மற்ற வீட்டுப் பெட்டிகளிலும் ஒரு நகல் இருக்கும். யாருக்காவது அந்தத் தரவு வேண்டுமானால் நம் வலைச்செயலியில் வந்து கேட்க வேண்டும். வீட்டுக்காரர் சரி என்றால் கிடைக்கும். பாதிக்கு மேற்பட்ட பெட்டிகள் விழித்திருந்து "ஆமாம், உண்மைதான்" என்று சாட்சி சொன்னால்தான் எந்த அளவும் செல்லுபடியாகும். யாருடைய பெட்டி விழித்திருக்கிறது என்று செயலியின் முதல் பக்கத்திலேயே எல்லாரும் பார்க்கலாம். ஒவ்வொரு வீட்டுப் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு பச்சை விளக்கு. பரிமளம் அந்தப் பக்கத்தைக் காலையில் ராசிபலன் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

முதல் வாரமே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. சோதனைக்காக நான் ஒரு கற்பனை நிறுவனத்தின் பெயரில் எல்லா வீட்டுக்கும் தரவு கேட்டு அனுப்பினேன். லோரி முனியாண்டி அண்ணன் மட்டும் விடாமல் 'முடியாது' பட்டனையே அழுத்திக்கொண்டிருந்தார். திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக் கீழே கொண்டுபோகிறவர். கண் சரியாகத் தெரியவில்லையோ என்று எழுத்தைப் பெரிதாக்கினேன். அப்போதும் 'முடியாது'. நேரில் போய்க் கேட்டேன்.

"தெரிஞ்சுதான் அமுக்கறேன் சார். பொறந்ததுலேர்ந்து கம்பெனிக்காரந்தான் எனக்கு முடியாதுன்னு சொல்றான். ஒரு தடவ நான் சொல்லிப் பாக்கறேன் லா. நல்லா இருக்கு."

அன்றிரவே 'முடியாது' பட்டனை 'சரி' பட்டனின் அளவுக்குப் பெரிதாக்கினேன். அதுவரை சிறியதாகத்தான் வைத்திருந்தேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் திரைகளைத் திறந்து உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

காப்புறுதி நிறுவனத்திலிருந்து புவான் ஹஸ்லினா என்ற பெண் அதிகாரி கோலாலம்பூரிலிருந்து வருவதாக ஏற்பாடு. நம் செயலி அவருக்குத் திருப்தியாக இருந்தால் இனிமேல் இந்தத் தோட்டத்துப் பயிருக்கு இங்குள்ள கம்பங்களின் அளவையே எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பழையபடி மலைக்கு அந்தப் பக்கத்து வெயில்தான். பரிமளம் புதுச் செவ்வந்தி நட்டு, மொட்டு விட்டிருந்த நேரம். "பொட்டி வேவு பாக்கும்", "பொட்டி கரண்டைத் தின்னும்" என்று சொன்னவர்களிடமெல்லாம் அவர்தான் வீடு வீடாகப் போய், "நான் பொறுப்பு" என்று சொல்லி மாட்ட வைத்திருந்தார்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீனர். பெயரைப் போட்டால் கோபிப்பார். பினாங்கில் ஓய்வாக மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் ஃபோனில் என் அமைப்பைப் பற்றி அளந்துவிட்டேன். "எந்தப் பெட்டி விழுந்தாலும் மற்றது நிற்கும். நானே நினைத்தாலும் இதைச் சாய்க்க முடியாது." அவர் சொன்னார்: "எது விழும் என்று பார்க்காதே. எதெல்லாம் சேர்ந்து விழும் என்று பார்." பிறகு, கம்பத்துக்கென்று தனி பேட்டரியும் கொஞ்சம் ஞாபகசக்தியும் வைக்கச் சொன்னார். வீண் வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தேன். சேர்ந்து விழக்கூடியவை என்று மின்சார லைன், தொலைபேசிக் கோபுரம், மண்சரிவு எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மாற்று வழி செய்தேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

தேதியைக் குறித்தவர் புவான் ஹஸ்லினா. அலுவலக நாட்காட்டியைப் பார்த்தேன். பொது விடுமுறை இல்லை. சங்கத்தில் சொன்னதும் எல்லாரும் ஒரே குரலில், "நல்ல நாள் லா சார்!" என்றார்கள். என் திட்டமிடலைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துத் தலை வணங்கினேன்.

அன்று ஆயுத பூஜை.

எனக்குத் தெரியாமல் இல்லை. முதல்நாள் சாயங்காலமே வீட்டில் பொரியும் கடலையும் வாங்கியாகிவிட்டது. விடியற்காலையில் என் மனைவி கோமதி கத்தரிக்கோல், அரிவாள்மனை, தையல் இயந்திரம் எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கிவிட்டு, "என்னங்க, உங்க சாமானையும் கொண்டாங்க" என்றாள்.

"லேப்டாப் இன்னிக்கு வேணும் கோமதி."

"பொட்டு வெச்சுத் திருப்பித் தர்றேன். அந்தப் பொட்டி?"

யோசித்தேன். ஒரு பெட்டி அணைந்தால் என்ன? மற்றவை இருக்கின்றனவே. இந்த அமைப்பின் அழகே அதுதானே! தொழில்நுட்ப ரீதியில் அப்பழுக்கில்லாத முடிவு. அணைத்தேன். மீதிக் கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தோட்ட மண்டபத்தின் சாவியைத் தோட்டத்து எழுத்தரான கிராணி கொடுத்தார். திரை கட்டினோம். ஊரே வந்திருந்தது. வாசலில் முனியாண்டி அண்ணனின் லோரி, முகத்தில் மாலையும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமுமாக மாப்பிள்ளை மாதிரி நின்றது. புவான் ஹஸ்லினா வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டிய கொட்டில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. உள்ளூர மகிழ்ந்தேன். மழையை அளக்கும் சாமானை விற்க மழைநாளைவிட நல்ல நாள் உண்டா?

"நீங்களே கேட்டுப் பாருங்கள்" என்று பட்டனை அவரிடமே விட்டேன். "இந்தத் தோட்டத்தில் இப்போது எவ்வளவு மழை?" என்று கேட்கும் பட்டன்.

அழுத்தினார்.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. ஒருநாளும் யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில், ஒரு மத்தியானம் கவித்துவமாக நானே எழுதி வைத்த வரி: 'இம்மலையில் இப்போது விழித்திருப்பார் எவருமிலர்.'

புவான் ஹஸ்லினா கூரையை நிமிர்ந்து பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி கூரையைப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கிறது?" என்று மலாயில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து முனியாண்டி அண்ணன் மலாயில் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டார். என்னைவிட நன்றாகவே செய்தார். அதோடு நிறுத்தவில்லை.

"சார், வெளிய மழை பெய்யுதா இல்லையான்னு உங்க பொட்டிகிட்ட கேட்டுச் சொல்லுங்க லா. நான் கொடை எடுத்துட்டு வரல."

முதல் பக்கத்துக்குப் போனேன். ஒரு பச்சை விளக்குகூட இல்லை. இடிதான் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். கூட்டத்தைப் பார்த்து, "யார் வீட்டுல பொட்டி அணைஞ்சிருக்கு?" என்று கேட்டேன். எல்லாரும் கை தூக்கினார்கள். பெருமையாகத் தூக்கினார்கள்.

"சாமிகிட்ட இருக்கு சார்!"

"நல்லாத் தொடச்சு, சந்தனமெல்லாம் வெச்சு!"

"ஏன் அணைச்சீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க, கரண்டை அணைச்சிட்டுத்தான் ஈரத்துணி போடணும்னு!"

சொன்னேன்தான். மாட்டிய அன்று, மின்பாதுகாப்பு பற்றி அரைமணி நேரம் பேசினேன். யாரும் கவனிக்கவில்லை என்று வருத்தப்பட்டேன்கூட.

தம்பி தங்கைகளே, இதுதான் நான் சொல்ல வந்த இடம். என் லேப்டாப்பில் ஒரு மாதிரிக் காட்சி இருந்தது. பழகிப் பார்ப்பதற்காக நான் செய்து வைத்த பொய் மழை. ஒரு விசையைத் தட்டினால் போதும். எல்லா விளக்கும் பச்சையாகும், வரைபடம் அழகாக ஏறி இறங்கும். புவானுக்கு வித்தியாசம் தெரியாது. "சின்னக் கோளாறு, சரியாகிவிட்டது" என்று சொல்லிவிடலாம். பரிமளம் முதல் வரிசையில் முந்தானை நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகத்தான் என்று மனம் நியாயம் பேசியது. விரல் விசைக்கு மேலே வந்துவிட்டது.

என் நேர்மை என்னைத் தடுத்தது என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. குனிந்து பார்த்தால் அந்த விசையின் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. கோமதி வரிசையாக வைத்துக்கொண்டு வந்ததில் அதற்கும் ஒன்று விழுந்திருந்தது. சாமி பொட்டின்மேல் விரலை வைத்துப் பொய் சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் பத்தாது. கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். நாம் விற்க வந்ததே 'பொய் சொல்லாது' என்ற ஒரு சொல்லைத்தான். அதை விற்பதற்கு ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்தச் சந்தையில் மிச்சம் என்ன இருந்திருக்கும்? ஆனால் இந்தத் தத்துவம் எனக்கு மறுநாள்தான் தோன்றியது. அன்று காப்பாற்றியது குங்குமம். உங்களுக்கு வேண்டிய குங்குமத்தை முன்கூட்டியே எந்த விசையில் வைப்பது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிமளத்திடம் குனிந்து கிசுகிசுத்தேன். "உங்க வீடு பக்கந்தானே? பொட்டியை மட்டும் போட்டுட்டு வந்துடலாமா? நாலு வீட்டுல சொன்னா…"

"பூஜையில வெச்சதை நாளைக் காலையில மறுபூஜை செஞ்சுதான் சார் எடுக்கணும்."

"அப்ப உங்க செவ்வந்தி என்ன ஆகும்?"

அவர் முகம் ஒரு கணம் வாடியது. ஆனால் குரல் வாடவில்லை. "வீட்டுக்குப் போய் உங்க அம்மாவக் கேளுங்க. அவங்க எடுக்க விட்டா நானும் எடுக்கறேன்."

அம்மா என்று அவர் சொன்னது கோமதியை. வழக்கு அத்தோடு தள்ளுபடி.

புவானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுத பூஜை என்றால் என்ன, ஏன் கருவிகளுக்கு ஓய்வு, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்.

"பூஜை அன்றைக்கே வெள்ளம் வந்தால், மழை பெய்தது என்று எனக்கு யார் சொல்வார்கள்?"

நியாயமான கேள்வி. பதில் தெரியாதவன் செய்வதைத்தான் செய்தேன். ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன்.

மண்டபத்து முற்றத்தில் கம்பம் நின்றது. அதற்கும் யாரோ பொட்டு வைத்திருந்தார்கள், மழையில் பாதி கரைந்து வழிந்துகொண்டிருந்தது. உச்சியில் இருந்த கிண்ணம் நிரம்பிக் கவிழ்ந்தது. மறுபடி நிரம்பியது. மறுபடி கவிழ்ந்தது.

பினாங்கில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதரை மனதுக்குள் விழுந்து கும்பிட்டேன்.

"புவான், தூங்குவது பெட்டிகள். கம்பங்கள் தூங்கவில்லை. மண்ணில் ஊன்றியிருப்பதால் யாரும் பிடுங்கிச் சாமி முன்னால் வைக்க முடியவில்லை. அவற்றுக்குத் தனி பேட்டரி இருக்கிறது. இப்போது பெய்கிற மழையை எண்ணி வைத்துக்கொண்டிருக்கின்றன. நாளைக் காலையில் பெட்டிகள் விழித்ததும் வாங்கிக்கொள்ளும். என்னை நம்ப வேண்டாம். பாருங்கள்."

அவர் பையை மூடினார். "நாளைக் காலையில் என் மேசையிலிருந்து நானே பார்க்கிறேன். நீங்கள் எனக்கு ஃபோன் செய்யக் கூடாது."

போகுமுன் சுண்டல் கொடுத்தார்கள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று காட்டியதில் கோளாறில்லாமல் ஓடியது சுண்டல் ஒன்றுதான்.

மறுநாள் காலை நானும் பரிமளமும் சங்க அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். செய்வதற்கு ஒன்றுமில்லை. நெருக்கடியில் மிகக் கடினமான வேலை அதுதான். மூன்று தடவை என் கை விசைப்பலகைக்குப் போனது, மூன்று தடவையும் பரிமளம், "சும்மா இருங்க சார்" என்றார். ஒரு விளக்கு பச்சையானது. மேல் லயத்தில் யாரோ மறுபூஜையைச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள். இன்னொன்று. பிறகு பொரி தெறிப்பதுபோல் இங்கும் அங்கும். பாதியைத் தாண்டியதும் முந்தைய நாள் மழை திரையில் ஏறத் தொடங்கியது. பரிமளத்தின் சரிவில் கொட்டியிருந்தது. கீழ் லயத்தில் அதில் பாதிதான். மலைக்கு அந்தப் பக்கத்து மழைமானியில் வழக்கம்போல் வெயில்.

புவான் ஹஸ்லினா மண்டபத்துக் கூரைக்கடியில் உட்கார்ந்து காதாரக் கேட்ட மழை அது. அந்த மழைமானி இல்லை என்று சொன்னதும் அதே மழையைத்தான். நான் விளக்க வேண்டியது ஒன்றுமே இருக்கவில்லை.

ஃபோன் வரவில்லை. அதற்குப் பதிலாகச் செயலியிலேயே வந்தது. அந்த நிறுவனம் எல்லா வீட்டிடமும் முறைப்படி தரவு கேட்டிருந்தது. முதல் பதிலும் உடனே வந்தது. முனியாண்டி அண்ணன்: 'முடியாது.'

பரிமளம் ஃபோனை எடுத்து அவரை என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. கொஞ்ச நேரத்தில் 'சரி' வந்தது. "பழக்கதோஷம் லா" என்று பிறகு ஒரு குரல்செய்தியும் அனுப்பினார்.

அந்தப் பருவத்திலிருந்து பரிமளத்தின் பூவுக்கு அவர் நிலத்துக் கம்பமே சாட்சி. நானும் ஓர் அறிக்கை எழுதினேன். கருவிகளைத் தனித்தனியாகப் பிரித்தேன், ஆனால் அவற்றை வைத்திருப்பவர்களின் நாட்காட்டி ஒன்று என்பதை மறந்தேன், இனிமேல் எந்த ஊரில் எதைக் கட்டினாலும் முதலில் அங்குள்ள கோயிலில் போய்த் தேதி கேளுங்கள் என்று எழுதினேன். கோலா தெர்லாவில் சீன விவசாயிகள் வீட்டிலும், மலாய் ஆசிரியர்கள் குடியிருப்பிலும் பெட்டிகள் மாட்டினோம். ஒரு சாமிக்கு ஓய்வு நாள் என்றால் இன்னொரு வீடு விழித்திருக்கும். இதற்காக அலுவலகத்தில் எனக்குக் கைகூடத் தட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள். அந்த அறிக்கை இன்றும் உங்கள் பயிற்சிக் கோப்பில் இருக்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் அது பாதிதான்.

மலையைவிட்டு இறங்குவதற்கு முன் விடைபெற்றுக்கொள்ளப் பரிமளத்தின் தோட்டத்துக்குப் போனேன். செவ்வந்தி பூத்துத் தள்ளியிருந்தது. அவர் அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மனம் நிறைந்திருந்தது. நிறைந்த மனத்தோடு இருப்பவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு பாடம். நான் மூடவில்லை. பெரிய மனுஷத்தனமாக, மன்னித்துவிட்ட குரலில் சொன்னேன்:

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது பரிமளம்மா. இருந்தாலும் அன்னிக்கு அத்தனை பேரும் அணைக்கறதுக்கு முன்னாடி, 'அணைக்கலாமா சார்'னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இல்லையா?"

அவர் கத்தியை நிறுத்தாமல், நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார்:

"உங்க வெளக்கு அணைஞ்சதப் பாத்துத்தான் சார் நாங்க அணைச்சோம்."